அப்பாவுக்கு வயது பூஜ்யமா?

இரவு எட்டு மணி. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. கூடத்தில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்கு நோட்டை விரித்து வைத்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பேனா மூடியைக் கடித்துக் கடித்து அது பாதியாகி விட்டது. வீட்டுக் கணக்கு இதுதான்:

"ஒரு தகப்பனின் வயது, மகனின் வயதைப் போல 3 மடங்கு. இன்னும் 12 ஆண்டு கழித்து, தகப்பனின் வயது மகனின் வயதைப் போல 2 மடங்காக இருக்கும். இப்போது இருவருக்கும் என்ன வயது?"

பையன் எழுதினான். அடித்தான். மறுபடியும் எழுதினான். கடைசியில் விடை வந்து விட்டது.

மகனின் வயது 0. தகப்பனின் வயது 0!

நோட்டை மூடினான். பைக்குள் வைத்தான். சாப்பிடப் போய் விட்டான்.

இன்றுதான் பிறந்த மகன். அவனோடு சேர்ந்து இன்றுதான் பிறந்த தகப்பன்! இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று பையனுக்குத் தோன்றவே இல்லை. விடை தப்பானது பெரிய விஷயம் அல்ல. எல்லாருக்கும் தப்பு வரும். தப்பு என்று தெரியாமல் போனதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். கணக்கு என்பது வேறு ஏதோ ஒரு உலகம், அங்கே அப்பாவுக்கு வயது பூஜ்யமாகக் கூட இருக்கலாம் என்று அவன் நினைத்து விட்டான்.

இது ஒரு வீட்டில் மட்டும் நடப்பது அல்ல.

"எனக்கே வராது!"

பையனைத் திட்டிப் பயன் இல்லை. அவன் மக்கு அல்ல. கடைக்குப் போய் 64 ரூபாய்க்குச் சாமான் வாங்கி, 100 ரூபாய் நோட்டை நீட்டுகிறான். கடைக்காரர் 26 ரூபாய் மீதி கொடுத்தால் சும்மா வந்து விடுவானா? "அண்ணாச்சி, பத்து ரூபாய் குறையுது" என்று அங்கேயே நிற்பான். கடையில் இருந்த அந்தப் புத்தி, நோட்டைத் திறந்ததும் எங்கே போகிறது?

போவதற்குப் பாதிக் காரணம் வீட்டில் இருக்கிறது.

"எனக்கே கணக்கு வராது. உனக்கு எப்படிடா வரும்?" என்கிறார் தகப்பனார். "நான் அஞ்சாவதோடு நின்றவள். என்னைக் கேட்டால் எனக்கு என்ன தெரியும்?" என்கிறாள் தாய். அண்ணன் ஒரு படி மேலே போகிறான். கைப்பேசியை எடுத்துக் கொடுக்கிறான். கணக்கைப் படம் பிடித்தால், விடை வந்து விழுகிறது. வரி வரியாக வழியும் வந்து விழுகிறது. அதைப் பார்த்து எழுதினால் வீட்டுக் கணக்கு முடிந்தது.

இந்த மூன்றிலும் கெடுதல் அதிகம் செய்வது எது? கைப்பேசி அல்ல. தகப்பனாரின் வார்த்தைதான். கணக்கு வராமல் இருப்பது குடும்பத்தில் வழிவழியாக வரும் நோய் அல்ல. ஆனால், "நம் வீட்டில் யாருக்கும் வராது" என்று பத்துத் தடவை கேட்ட பிள்ளை, பதினோராவது தடவை முயற்சி செய்யாது. பெண் பிள்ளையாக இருந்து விட்டால் இன்னும் மோசம். "உனக்குக் கணக்கு எதற்கு?" என்று முடித்து விடுவார்கள். பத்தாம் வகுப்பில் கணக்கு கட்டாயப் பாடம். 100-க்கு 35 எடுத்தால்தான் தேர்ச்சி. "கணக்கு எதற்கு?" என்று கேட்டவர் யாரும் அன்றைக்கு அவளோடு தேர்வு எழுத வரப் போவதில்லை.

அல்ஜீப்ரா தெரியாத தாய், அல்ஜீப்ரா படிக்கும் மகனுக்கு உதவ முடியுமா? முடியும். கணக்கைப் போட்டுக் கொடுப்பது அவள் வேலை அல்ல. கேள்வி கேட்பதுதான் அவள் வேலை. "கணக்கில் என்ன கொடுத்திருக்கிறார்கள்? என்ன கேட்டிருக்கிறார்கள்? இந்த வரி எப்படி வந்தது? வந்த விடையைத் திரும்பக் கணக்கில் போட்டுப் பார்த்தாயா?" இவ்வளவுதான். ஜார்ஜ் போல்யா என்ற பெரிய கணித மேதை 1945-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கணக்கைப் புரிந்து கொள், வழியை யோசி, செய், பிறகு திரும்பிப் பார் என்ற நான்கு கட்டங்கள்தான் அதன் சாரம். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பாடம் சொன்ன அந்தப் பேராசிரியர் கேட்கச் சொன்ன கேள்விகளை, நம் ஊர் அம்மா அடுப்படியில் இருந்தபடியே கேட்கலாம்.

களை எடுத்தவளுக்குத் தெரியும்

ஒரு சின்னக் கணக்கு. "12 நோட்டுகளின் விலை 300 ரூபாய். 7 நோட்டுகளின் விலை என்ன?"

முதலில் ஒரு நோட்டின் விலையைக் கண்டுபிடிக்க வேண்டும். 300-ஐ 12-ஆல் வகுத்தால் 25. ஒரு நோட்டு 25 ரூபாய். அப்படியானால் 7 நோட்டு, 7 தடவை 25. அதாவது 175 ரூபாய். சரிதானா? 6 நோட்டு என்றால் பாதி விலை, 150 ரூபாய். இன்னும் ஒரு நோட்டுக்கு 25. மொத்தம் 175. சரி.

பள்ளிக்கூடத்தில் இதை ஓரலகு முறை என்பார்கள். பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக் கொள்கிறார்கள். "வகு, பிறகு பெருக்கு" என்று மனப்பாடம் ஆகி விடுகிறது. அங்கேதான் வினை!

மறுநாள் கணக்கு: "8 ஆட்கள் 12 நாளில் களை எடுத்து முடிப்பார்கள். 6 ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள்?"

மாணவி நேற்றுச் செய்ததையே இன்றும் செய்கிறாள். 12-ஐ 8-ஆல் வகுத்தால் ஒன்றரை. ஒன்றரையை 6-ஆல் பெருக்கினால் 9. விடை 9 நாள். கணக்கு அழகாக வந்து விட்டது. மீதி கூட இல்லை!

களை எடுக்கப் போய் வந்த தாய் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு ஓரலகு முறையும் தெரியாது, பல அலகு முறையும் தெரியாது.

"எட்டுப் பேர் பன்னிரண்டு நாள் பாடுபட்ட வயலை, ஆறு பேர் ஒன்பதே நாளில் முடித்து விடுவார்களா? ஆள் குறைந்தால் நாள் கூடுமா, குறையுமா?"

மகள் விழிக்கிறாள். பிறகு சிரிக்கிறாள். ஆள் குறைந்தால் நாள் கூடத்தானே வேண்டும்!

இப்போது படிப்படியாக வருகிறது. 8 ஆட்கள், ஒவ்வொருவரும் 12 நாள். மொத்தம் 96 ஆள் வேலை. இது வயலில் இருக்கும் வேலை. ஆட்கள் மாறினாலும் வயல் மாறாது. அந்த 96-ஐ 6 பேர் பங்கு போட்டுக் கொண்டால், ஆளுக்கு 16 நாள். விடை 16.

நோட்டுக் கணக்கில் ஒன்று கூடினால் மற்றொன்றும் கூடுகிறது. புத்தகத்தில் இதற்கு நேர் மாறல் என்று பெயர். களைக் கணக்கில் ஒன்று குறைந்தால் மற்றொன்று கூடுகிறது. இது எதிர் மாறல். பெயரை மறந்தாலும் பாதகம் இல்லை. "கூடுமா, குறையுமா?" என்ற கேள்வியை மறந்தால்தான் பாதகம். வேலைக்குப் போய்ப் பழகிய எந்தத் தாய் தகப்பனுக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும்.

தராசைப் பிடித்தால்...

ஆறாம் வகுப்பு வரை எண்களோடு விளையாடிய பிள்ளை, அல்ஜீப்ரா என்றதும் மிரண்டு போகிறது. இயற்கணிதம் என்று தமிழில் சொன்னாலும் பயம் போவது இல்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் 'எக்ஸ்' என்று ஓர் எழுத்து வந்து உட்கார்ந்து கொள்கிறது. இது யார்? எங்கிருந்து வந்தது?

எக்ஸ் என்பது பூதம் அல்ல. மூட்டை கட்டிய பை. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று இப்போது தெரியாது. கணக்கு முடியும்போது தெரியும். அவ்வளவுதான்.

மளிகைக் கடைத் தராசை நினைத்துக் கொள்ளட்டும். ஒரு தட்டில் ஒரே அளவான 3 சர்க்கரைப் பைகள். அதோடு ஒரு 2 கிலோ படிக்கல். மறு தட்டில் 11 கிலோ படிக்கல். முள் நடுவில் நிற்கிறது. இதையே நோட்டில் இப்படி எழுதுகிறார்கள்:

3 எக்ஸ் + 2 = 11

இரண்டு தட்டிலிருந்தும் 2 கிலோவை எடுத்து விட்டால் முள் அசையுமா? அசையாது. அப்போது

3 எக்ஸ் = 9

மூன்று பை 9 கிலோ. ஒரு பை 3 கிலோ. எக்ஸ் என்பது 3. திரும்பப் போட்டுப் பார்க்கலாம். மூன்று மூன்று ஒன்பது. ஒன்பதும் இரண்டும் பதினொன்று. சரி.

"அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்று பல பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். கூட்டல் கழித்தல் ஆகும், கழித்தல் கூட்டல் ஆகும் என்கிறார்கள். ஏன் மாறுகிறது என்று கேட்டால் பதில் இல்லை. உண்மையில் எந்த எண்ணும் வேலி தாண்டிக் குதிக்கவில்லை. இரண்டு தட்டிலும் ஒரே மாதிரி எடுக்கிறோம், ஒரே மாதிரி போடுகிறோம். நடுவில் இருக்கும் '=' என்ற இரண்டு கோடுகள்தான் தராசு முள். வேல்ஸ் நாட்டுக்காரரான ராபர்ட் ரெக்கார்டு 1557-ல் இந்தக் குறியை முதன்முதலாக அச்சில் கொண்டு வந்தார். 'சமம், சமம்' என்று திரும்பத் திரும்ப எழுதி அவருக்கு அலுத்து விட்டது. ஒரே நீளமான இரண்டு இணை கோடுகளை விடச் சமமான பொருள் எது என்று நினைத்து, அதையே குறியாக்கி விட்டார்.

அல்ஜீப்ரா என்ற பெயர் அதற்கும் பழையது. கி.பி. 820-ஐ ஒட்டி, பாக்தாத் நகரில் அல்-குவாரிஸ்மி என்ற அறிஞர் ஒரு நூல் எழுதினார். அதன் பெயரில் 'அல்-ஜபர்' என்ற சொல் வருகிறது. குறைந்ததைச் சேர்த்துச் சரிப்படுத்துவது என்று பொருள். (முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுகிறவரை ஸ்பெயின் நாட்டில் ஒரு காலத்தில் 'அல்ஜெப்ரிஸ்தா' என்றே அழைத்தார்கள்!) சொத்துப் பாகப் பிரிவினை, வியாபாரம், நில அளவு ஆகியவற்றில் மக்களுக்கு வரும் கணக்குகளுக்காகவே அந்த நூலை அவர் எழுதினார். அதில் எக்ஸ் கிடையாது. கூட்டல் குறியும் கிடையாது. எல்லாம் பேச்சுதான். வாக்கியம் வாக்கியமாக, படிப்படியாக எழுதினார். படிப்படியாகச் செய்யும் முறைக்கு உலகம் முழுவதும் 'அல்காரிதம்' என்ற பெயர் வந்ததே அவருடைய பெயரிலிருந்துதான். இன்று கணிப்பொறிக்காரர்கள் வாய்க்கு வாய் சொல்லும் சொல் அது.

பூஜ்யம் எங்கிருந்து வந்தது?

இனி அந்தப் பையனின் நோட்டைத் திறக்கலாம்.

மகனின் வயது எக்ஸ் என்று வைத்துக் கொண்டான். சரி. தகப்பனின் வயது 3 எக்ஸ். அதுவும் சரி. 12 ஆண்டு கழித்து மகனுக்கு எக்ஸ் + 12. தகப்பனுக்கு 3 எக்ஸ் + 12. எல்லாம் சரி. தகப்பன் மகனைப் போல 2 மடங்கு என்றால், மகனின் வயது முழுவதையும் இரட்டிப்பாக்க வேண்டும். இங்கேதான் பையன் வழுக்கினான். எக்ஸை இரட்டித்தான். 12-ஐ மறந்து விட்டான்!

3 எக்ஸ் + 12 = 2 எக்ஸ் + 12

என்று எழுதி விட்டான். இரண்டு பக்கமும் 12 போனது. 3 பை இருக்கும் தட்டும் 2 பை இருக்கும் தட்டும் சமம் என்றால், பைக்குள் ஒன்றும் இல்லை என்றுதானே பொருள்? பூஜ்யம் வந்தது. பையனின் கணக்கு அந்த ஒரு வரியைத் தவிர எல்லா வரியிலும் சரியாகத்தான் இருந்தது!

சரியான வரி:

3 எக்ஸ் + 12 = 2 எக்ஸ் + 24

இரண்டு பக்கமும் 2 எக்ஸை எடுத்தால், எக்ஸ் + 12 = 24. இரண்டு பக்கமும் 12-ஐ எடுத்தால், எக்ஸ் = 12. மகனுக்கு 12 வயது. தகப்பனுக்கு 36. இன்னும் 12 ஆண்டு கழித்து 24, 48. இரண்டு மடங்கு. சரி.

பூஜ்யத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்திருந்தால் பையனே கண்டுபிடித்திருப்பான். 12 ஆண்டு கழித்து மகனுக்கும் 12, தகப்பனுக்கும் 12. இரண்டு மடங்கு எங்கே? அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

நம் முன்னோரிடமும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 'கணக்கதிகாரம்' என்ற பழந்தமிழ் நூல், பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண வழி சொல்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, 6-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுக்க வேண்டுமாம். முள் 100 என்றால் சுளை 120. சரியா என்று எப்படித் தெரியும்? பழத்தை அறுத்துத்தான் பார்க்க வேண்டும். எந்த வீட்டுப் பிள்ளையும் இந்தச் சோதனைக்கு மாட்டேன் என்று சொல்லாது.

சிவப்பு மை எங்கே விழ வேண்டும்?

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. 40, 50 நோட்டுகளைத் திருத்துவது லேசான வேலை அல்ல. கடைசி வரியைப் பார்த்து, 'சரி' என்றோ 'தவறு' என்றோ கோடு போட்டுத் தள்ளுவது எளிது. ஆனால் பையனின் நோட்டில் முழுப் பக்கத்திற்கும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு விழுந்தால், அவன் என்ன நினைப்பான்? "எல்லாமே தப்பு" என்று நினைப்பான். வழுக்கிய அந்த ஒரு வரியின் அடியில் கோடு விழுந்தால், "இங்கேதான்" என்று தெரிந்து கொள்வான்.

பொதுத் தேர்வில் அப்படித்தான் செய்கிறார்கள். 5 மதிப்பெண் கணக்கு ஒன்றுக்கு விடைக் குறிப்பில் படிக்குப் படி மதிப்பெண் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். விடை தப்பினாலும் வழி சரியாக இருந்தால், அதுவரை உள்ள மதிப்பெண் உண்டு. ஆண்டு முழுவதும் விடையை மட்டும் பார்த்து விட்டு, ஆண்டுக் கடைசியில் "வழியை எழுது" என்றால் பிள்ளை எங்கே போகும்?

ஒரே மாதிரிக் கணக்கு 20 கொடுத்தால் பிள்ளை பார்த்து எழுதும். நாலு கொடுத்து, வழியோடு கேட்டால் யோசிக்கும். 1, 2-ம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப் பாடமே கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2018-ல் உத்தரவிட்டது. மேல் வகுப்புகளுக்கு எத்தனை கணக்கு என்பதைத் தீர்மானிக்க இன்னொரு தீர்ப்பு வர வேண்டியது இல்லை.

அழிப்பானையும் கொஞ்சம் ஒளித்து வைக்கலாம். தப்பான வரியை அழித்து விட்டால், தப்பு எங்கே நடந்தது என்ற தடயமும் போய் விடுகிறது. ஒரு கோடு போட்டு அடித்து விட்டுக் கீழே எழுதட்டும். நோட்டு அழகாக இராது. பரவாயில்லை.

கைப்பேசி? அதைப் பறித்துப் பெட்டியில் பூட்டத் தேவை இல்லை. கணக்கைப் போட்டு முடித்த பிறகு சரிபார்க்க அது நல்ல துணை. போடுவதற்கு முன்னால் எடுத்தால் அது பக்கத்து மாணவனின் நோட்டு. பார்த்து எழுதினாயா, போட்டாயா என்பதைக் கண்டுபிடிக்கப் பெற்றோருக்கு அல்ஜீப்ரா தேவை இல்லை. நடுவில் உள்ள ஒரு வரியைக் காட்டி, "இது எப்படி வந்தது?" என்று கேட்டால் போதும். போட்டவன் சொல்வான். பார்த்து எழுதியவன் தலையைச் சொறிவான்.

அப்பத்தாவின் வழி

அந்தப் பையனின் வீட்டில் சாப்பாடு முடிந்தது என்று வைத்துக் கொள்ளலாம். தாய் நோட்டைத் திறக்கச் சொல்கிறாள். பையன் கணக்கை உரக்கப் படிக்கிறான். மூலையில் வெற்றிலை இடித்துக் கொண்டிருந்த அப்பத்தா காது கொடுத்துக் கேட்கிறாள்.

"ஏண்டா, அப்பனுக்கும் மகனுக்கும் உள்ள வயது வித்தியாசம் என்றைக்காவது மாறுமா?"

"மாறாது, அப்பத்தா."

"இப்போது அப்பன் மூன்று பங்கு, மகன் ஒரு பங்கு. வித்தியாசம் எத்தனை பங்கு?"

"இரண்டு பங்கு. மகன் வயதைப் போல இரண்டு மடங்கு."

"பன்னிரண்டு வருஷம் கழித்து, அப்பன் இரண்டு பங்கு, மகன் ஒரு பங்கு. அப்போது வித்தியாசம்?"

"ஒரு பங்கு. மகனுடைய அப்போதைய வயது."

"வித்தியாசம்தான் மாறாதே! இப்போது மகன் வயதைப் போல இரண்டு மடங்காக இருப்பது, அப்போது மகன் வயது ஆகிறது. அப்படியானால் பன்னிரண்டு வருஷத்தில் மகன் வயது இரட்டிப்பு ஆகிறது. பன்னிரண்டு வருஷத்தில் இரட்டிப்பு ஆகிற வயது எது?"

பையன் யோசித்தான்.

"பன்னிரண்டு!"

அப்பத்தா வெற்றிலையை வாயில் போட்டுக் கொண்டாள். பையன் அடித்த வரிகளுக்குக் கீழே எக்ஸ் போட்டு ஒரு தடவை எழுதினான். அதற்கும் கீழே, 'வேறு வழி' என்று தலைப்புப் போட்டு, அப்பத்தா சொன்னதையும் எழுதினான்.